கொடுப்பதா, தருவதா, வழங்குவதா?

சென்னையில் ஓர் அடுக்ககம். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் பிரித்து, காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் சேர்க்க வேண்டும் என்பதுதான் செய்தி. எழுதிக்கொண்டே வந்தால் கடைசிச் சொல்லில் கை நின்றுவிடும். 'கொடுக்கவும்' என்பதா, 'தரவும்' என்பதா? கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று 'வழங்கவும்' போடுவதா? இன்னும் ஒரு படி மேலே போய் 'அளிக்கவும்' என்பதா? அகராதியைத் திறந்தால் நான்கும் ஒன்றுக்கொன்று பொருளாக நிற்கும். தமிழில் வளர்ந்த காது நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

இவற்றோடு 'ஈ' என்ற பழைய சொல்லையும் சேர்த்து ஐந்தாக வைத்துக்கொள்வோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட எழுத்துக்குக் கொடு, தா இரண்டுமே போதும். இரண்டில் எது என்பதை, பொருள் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். வழங்கு, அளி இரண்டுக்கும் தனி இடம் உண்டு. அதைத் தாண்டி அவற்றைப் பரப்பினால் எழுத்து விறைத்துப் போகிறது.

சென்னையின் பேச்சைக் கேட்டால் ஒரே சொல்தான் எங்கும்: குடு. பேருந்தில் 'சில்லறையா குடுங்க', மருந்துக் கடையில் 'சீட்டைக் குடுங்க', வீட்டில் 'அந்த ரிமோட்டைக் குடு'. சென்னையின் எழுத்தைப் படித்தால் வேறொரு சொல் எங்கும் நிற்கிறது: வழங்கு. நியாயவிலைக் கடையில் பொருள்கள் வழங்கப்படுகின்றன, பள்ளியில் சான்றிதழ் வழங்கப்படுகிறது, கைப்பேசிச் செயலியில் அனுமதி வழங்கப்படுகிறது. வாய்க்கு ஒரு சொல், பலகைக்கு ஒரு சொல் என்று ஆகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது தா. அதை இழக்க எனக்கு மனமில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொடுவுக்காக ஒரு வார்த்தை.

பேச்சில் புழங்குகிறது என்பதற்காகவே கொடுவைக் கீழான சொல்லாக நினைப்பவர்கள் உண்டு. 'தலைவர் பரிசு கொடுத்தார்' என்று எழுதிக் கொண்டுபோனால் 'வழங்கினார்' என்று அடித்துத் திருத்துவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் முதலாம் இராசராசன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள்: 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக. அரசன் கொடுத்ததற்கும் அக்காள் குந்தவை கொடுத்ததற்கும் பெயர் தெரியாத மற்றவர்கள் கொடுத்ததற்கும் ஒரே வினை. அதுவும் நம் பேச்சில் வருகிற உகரத்தோடு, 'குடு' என்றே. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பேரரசின் கொடைக்குப் போதுமாக இருந்த சொல் இன்றைய பரிசளிப்பு விழாவுக்கும் போதும். கொடு மரியாதைக் குறைவான சொல் இல்லை. யார் கொடுத்தாலும், யாருக்குக் கொடுத்தாலும் பொருந்துகிற பொதுச்சொல் அது.

அப்படியானால் கொடு ஒன்றையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளலாமே, தா எதற்கு?

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் நான்கு வினைகளை ஒன்றாக எடுத்துப் பேசுகிறது: செலவு, வரவு, தரவு, கொடை. இவற்றில் 'தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த'. மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை. அதாவது எனக்கு, உனக்கு என்றால் தா. அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு என்றால் கொடு. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நன்னூலும் இதையே சொல்கிறது.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது, அது தாவை வாவோடும் கொடுவைச் செல்லோடும் சேர்த்து வைத்திருப்பது. தருவது என்றால் பொருள் நம் பக்கம் வருகிறது. கொடுப்பது என்றால் பொருள் அந்தப் பக்கம் போகிறது. தா என்ற வினைக்குள்ளேயே ஒரு திசை இருக்கிறது.

சென்னைக்காரர்கள் தா, கொடு வேறுபாட்டைத் தளர்த்திவிட்டாலும் வா, போ வேறுபாட்டை இன்றும் பிசகாமல் வைத்திருக்கிறார்கள். நண்பரிடம் போனில் பேசும்போது 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்' என்போம். 'உங்க வீட்டுக்குப் போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. அவரைப் பற்றி மூன்றாமவரிடம் சொல்லும்போது 'அவர் வீட்டுக்குப் போறேன்'. எந்த இடத்தில் வா வருமோ அந்த இடத்தில் தா. எந்த இடத்தில் போ வருமோ அந்த இடத்தில் கொடு. இலக்கணம் படிக்காதவரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. 'பணம் உங்களிடம் வரும்', ஆகவே 'பணத்தை உங்களுக்குத் தருகிறேன்'. 'பணம் அவரிடம் போகும்', ஆகவே 'பணத்தை அவருக்குக் கொடுக்கிறேன்'.

நல்வழியின் கடவுள் வாழ்த்தை நம்மில் பலர் சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்போம். பாலும் தேனும் பாகும் பருப்பும் 'நாலும் கலந்துனக்கு நான் தருவேன்' என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு, 'நீ எனக்குச் சங்கத் தமிழ் மூன்றும் தா' என்று கேட்கிறது அந்தப் பாட்டு. உனக்குத் தருவேன், எனக்குத் தா. இருவருக்கு நடுவில் நடக்கிற பரிமாற்றம் என்பதால் இரண்டு பக்கமும் தா. அங்கே 'கொடுப்பேன்', 'கொடு' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் மாறாது, நெருக்கம் போய்விடும்.

மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. 'எனிக்கு தா' என்பார்கள். மூன்றாமவருக்கு என்றால்தான் கொடுக்க. சென்னையில் மலையாளி நண்பர்களோடு பழகுகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் 'எனக்குத் தாங்கோ' என்பதே இயல்பு. சென்னையில்கூட தா முழுக்கப் போய்விடவில்லை. 'நாளைக்குத் தரேன்', 'இன்னும் தரல', 'தர மாட்டேன்' எல்லாம் அன்றாடம் கேட்பவைதான். ஏவலில் மட்டும்தான் குடு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'தாங்க' என்று கேட்டால் வெளியூரா என்று பார்ப்பார்கள்.

சரி, 'எனக்குக் கொடு' தவறா என்றால், இல்லை. அதற்கும் தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது. எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றும் கேட்பதற்கான சொற்கள் என்று சொல்லி, ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என்று பிரிக்கிறது. உடனே ஒரு கேள்வி வரும்: கொடு படர்க்கைக்கு உரிய சொல் ஆயிற்றே, 'எனக்கு' என்பதோடு எப்படிச் சேரும்? அதற்கும் விடை தருகிறது: உயர்ந்தவன் 'தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பின்' அப்படிச் சொல்கிறான். தன்னையே விலக்கி வைத்து, வேறொருவருக்குக் கேட்பதுபோல் கேட்கிறான் என்பது கருத்து. கேட்கிறவனின் மனநிலை வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மேல் கீழ் வரிசையை இன்று நாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. சென்னையில் வீட்டு வேலைக்கு வருகிறவரும் 'குடுங்கம்மா' என்கிறார், வீட்டுக்காரரும் 'குடும்மா' என்கிறார். கொடுவிலிருந்து உயர்வு தாழ்வு உதிர்ந்துவிட்டது, நல்லதுதான். திசை மட்டும் உதிராமல் இருந்தால் போதும். எனவே பேச்சில் 'எனக்குக் குடு' என்பதை நான் திருத்த மாட்டேன். எழுதும்போது, அதிலும் படிப்பவரை நேராகப் பார்த்து எழுதும்போது, தாவையே எடுக்கச் சொல்வேன். 'உங்கள் கருத்துகளை எங்களுக்குத் தாருங்கள்' என்பதில் எழுதியவர் முன்னால் வந்து நிற்கிறார். 'உங்கள் கருத்துகளை வழங்கவும்' என்பதில் யாருமே இல்லை.

துணைவினையாக வரும்போது தா, கொடு வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 'அப்பா எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார்', 'அப்பா தங்கைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்' என்பதில் பழைய விதி அப்படியே நிற்கிறது. சொல்லித் தா, சொல்லிக் கொடு என்பதும் அப்படித்தான். சில இடங்களில் மாற்றினால் பொருளே புரண்டுவிடும். வழி தெரியாமல் நின்றவருக்கு ஒருவர் வீட்டைக் காட்டித் தந்தார் என்றால் உதவி செய்தார். காட்டிக் கொடுத்தார் என்றால் துரோகம் செய்தார் என்றும் ஆகிவிடும். விட்டுக்கொடுத்தல், முட்டுக்கொடுத்தல், ஈடுகொடுத்தல், பிடிகொடுக்காமல் பேசுதல், கொடுத்துவைத்தவர் என்பவையெல்லாம் கொடுவோடு இறுகிப்போன தொடர்கள். அங்கே தாவுக்கு வேலையில்லை. நிழல் தரும் மரம், பலன் தரும் மருந்து, மகிழ்ச்சி தரும் செய்தி என்பவற்றில் தா நன்றாக உட்கார்ந்துகொண்டது. மரத்தின் நிழல் யாருக்கோ போகிறது என்று நினைக்காமல் நம்மிடம் வருகிறது என்று நினைத்த மனம் அது.

'வருகை தருதல்' என்ற தொடரைச் செய்தி எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருமண அழைப்பிதழில் 'வருகை தந்து' என்பது அழகான தமிழ். வருவதும் தருவதும் ஒரே திசை, நம்மை நோக்கி. பிரதமர் சென்னைக்கு வருகை தந்தார் என்று சென்னையில் இருந்து எழுதலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு 'பிரதமர் ஜப்பானுக்கு வருகை தந்தார்' என்று எழுதினால் எழுதியவர் ஜப்பானில் இருக்கிறார் என்றாகிறது. அங்கே 'சென்றார்' போதும்.

இனி வழங்கு. இந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று நடமாடுதல், புழங்குதல். வழக்கு, வழக்கம் எல்லாம் இதே வேரில் பிறந்தவை. இன்றும் 'சென்னையில் வழங்கும் சொற்கள்' என்றால் சென்னையில் புழங்கும் சொற்கள் என்றுதான் பொருள். சென்னை யாருக்கோ சொற்களைக் கொடுக்கிறது என்று பொருள் இல்லை. கொடுத்தல் என்ற பொருளில் வரும்போதும் அந்தப் புழக்கத்தின் சாயல் ஒட்டிக்கொண்டே வருவதாக எனக்குப் படுகிறது: பலருக்கு, முறைப்படி, ஓர் ஏற்பாட்டின் கீழ், கைக்குக் கை போய்ச் சேர்வது. நியாயவிலைக் கடையில் அரிசி வழங்கப்படுகிறது என்பது அதனால்தான் பொருத்தம். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் ஒரு ரூபாய்க்கு இட்லி வழங்கின என்பதும் பொருத்தம். விலைக்குத் தருவதைக்கூட வழங்கு தாங்கும், ஏனென்றால் அங்கே முன்னால் நிற்பது ஏற்பாடு. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் மோரும் பானகமும் கிடைக்கும். பந்தல் பேனரில் 'நீர்மோர் வழங்குவோர்' என்று இருக்கும், கூட்டத்தில் வருகிறவர்கள் 'அங்க மோர் குடுக்கறாங்க' என்பார்கள். இரண்டும் சரி. பேனர் ஏற்பாட்டைச் சொல்கிறது, வாய் கையைச் சொல்கிறது.

நிறுவனம், பலர், முறை. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் வழங்கு எழுதலாம் என்பது என் கணக்கு. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு பொருளைக் கைமாற்றுகிறார் என்றால் வேண்டாம். கெட்டதைக் கொடுப்பதற்கும் வேண்டாம். தொல்லை கொடுப்பார்கள், நெருக்கடி தருவார்கள், வழங்க மாட்டார்கள். நீதிமன்றச் செய்திகளில் 'தண்டனை வழங்கியது' என்று வருவதைப் படிக்கும்போது உறுத்துகிறது. தீர்ப்பை வழங்கலாம். தண்டனையை விதிப்பதுதான் தமிழ்.

அளி கொஞ்சம் வேறு. அளி என்ற பெயர்ச்சொல்லுக்கு இரக்கம், அருள் என்று பொருள். காத்தல் என்ற பொருளும் அந்த வினைக்கு உண்டு. மேலிருந்து கனிந்து வருவது என்ற சாயல் பழைய நூல்களில் தெளிவாக இருக்கிறது. இன்றைய பயன்பாட்டில் அது கரைந்துவிட்டது. மக்கள்தான் ஆட்சியரிடம் மனு அளிக்கிறார்கள், காவல் நிலையத்தில் புகார் அளிக்கிறார்கள். ஆனாலும் தனி வினையாக 'புத்தகத்தை அளித்தான்' என்று எழுதினால் இன்றைக்கும் சட்டை பெரிதாகிப்போனதுபோல் தொளதொளவென்று இருக்கும். அளி பிரகாசிப்பது ஒரு பெயரோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான்: பதிலளி, பரிசளி, உறுதியளி, விருந்தளி, வாக்களி. இரண்டு சொல் ஒரே வினையாகிவிடுவதால் வாக்கியம் சுருங்கும்.

வாக்களி என்பதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். வாக்களித்தார் என்றால் இன்றைய தமிழில் முதலில் தோன்றுவது தேர்தல். வாக்குக் கொடுத்தார் என்றால் உறுதிமொழி. வினையை மாற்றியதும் வாக்கே வேறாகிவிடுகிறது. ஐந்து சொல்லும் ஒன்றுதான், எதைப் போட்டால் என்ன என்பவர்களுக்கு இந்த ஒரு ஜோடியைக் காட்டினால் போதும். சென்னையின் பேச்சுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. இங்கே ஓட்டுப் போடுவார்கள்.

ஈ எழுத்தில் அனேகமாக உறைந்துவிட்டது. 'வறியார்க்கொன்று ஈவதே ஈகை' என்று குறள் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, திரும்பி வரும் என்று கொடுப்பதெல்லாம் கைமாற்று. ஈகை, ஈகைத் திருநாள், இன்னுயிர் ஈந்த தியாகி என்ற அளவில் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடலாம். தெலுங்கில் இதே வேர் அன்றாட வினையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்; சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகளில் தினமும் கேட்கிற 'இவ்வண்டி' நம் ஈயின் உறவுதான்.

இவ்வளவும் வினையைப் பற்றி. வினைக்கு முன்னால் வருகிற உருபு தவறாகப் போனால் எந்த வினையைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. 'வாட்ச்மேனுக்குச் சாவியைக் கொடுத்தேன்', 'வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்தேன்' இரண்டும் ஒன்றல்ல. -க்கு என்றால் பெரும்பாலும் அது அவருக்கே. -இடம் என்றால் கையில் சேர்த்தேன், அவ்வளவுதான். வாட்ச்மேனுக்குத் தீபாவளி இனாம், வாட்ச்மேனிடம் சாவி. ஈ என்ற வினை -இடத்தோடு சேராது, ஏனென்றால் ஈந்தது திரும்பாது. வழங்குவும் -இடத்தோடு சரியாகச் சேர்வதில்லை. கொடுவும் தாவும்தான் இரண்டு உருபையும் தயக்கமில்லாமல் ஏற்கின்றன.

அந்தக் குப்பை அறிவிப்புக்கு இப்போது விடை சொல்லலாம். குப்பை பணியாளருக்கு உரிய பொருள் இல்லை, அவர் கையில் சேர்க்கிறோம். எனவே -இடம். எழுதுவது குடியிருப்போர் சங்கம் என்றால் பணியாளர் மூன்றாமவர்: 'குப்பையைப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.' எழுதுவது மாநகராட்சி என்றால் தன் ஆட்களின் குரலில் பேசலாம்: 'குப்பையைப் பிரித்து எங்களிடம் தாருங்கள்.' அறிவிப்பின் கீழே யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. 'வழங்கவும்' இரண்டிலும் கூடாது. நாம் வீசி எறிவதை எடுத்துப்போக வருகிற மனிதருக்கு அதை நாம் கொடையாகக் கொடுப்பதுபோன்ற தொனி அந்தச் சொல்லில் வந்துவிடுகிறது. அவருடைய உழைப்புக்கு அது மரியாதை ஆகாது.

ஐந்தில் எதுவுமே வேண்டாத இடங்களும் உண்டு. மின்கட்டணத்தையும் சொத்து வரியையும் நாம் கட்டுகிறோம், படிவத்தில் செலுத்துகிறோம். அம்பாளுக்கு மாலையைச் சாத்துகிறோம், சுவாமிக்குப் பொங்கலைப் படைக்கிறோம். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம், கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். இந்த இடங்களில் 'கட்டணம் வழங்கவும்', 'உணவு அளிக்கப்படும்' என்று எழுதும்போது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல்லை நாமே ஒதுக்குகிறோம்.

கடைசியாகச் செயலிகளும் இணையப் படிவங்களும். சென்னையில் மென்பொருளைத் தமிழாக்கும் வேலை நிறைய நடக்கிறது. 'ப்ரொவைட்' என்ற ஆங்கில வினையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'வழங்கு' போடும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. 'தொலைபேசி எண்ணை வழங்கவும்' என்பதில் எண் எங்கே போகிறது? நம்மைக் கேட்கிற செயலிக்கு. அது தன்மை, ஆகவே 'தொலைபேசி எண்ணைத் தாருங்கள்'. இடம் குறைவு என்றால் 'எண் தருக'. 'இருப்பிடத்தை அறிய அனுமதி வழங்கவா?' என்பது 'அனுமதி தருகிறீர்களா?' என்று இருக்கலாம். இந்த ஆவணத்தைத் திருத்த உங்கள் நண்பருக்கு அனுமதி என்றால் அவர் படர்க்கை, 'அனுமதி கொடுங்கள்'. பெயர் கேட்கும் கட்டத்தில் வினையே வேண்டாம். 'பெயர்' என்று போட்டால் போதும், எழுதிவிடுவார்கள்.